எஸ்.எம்.எஸ்.: விமானத் துறையின் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு, புதிதாகப் படிப்பவர்களுக்கு

1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727 விமானம் மவுண்ட் வெதர் மலைச்சரிவில் மோதியது. விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். ‘அப்ரோச்சுக்கு (இறங்குவதற்காக ஓடுபாதையை நெருங்குவதற்கு) அனுமதி’ என்று வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொன்னதும், 1,800 அடிக்கு இறங்கிவிடலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். மலைக்கு மேலே பாதுகாப்பான உயரத்தை விமானிகளே பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டுப்பாட்டாளர் நினைத்தார். இதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு, அதே விமான நிலையத்துக்கு வந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் செய்தி அந்த நிறுவனத்தைத் தாண்டி வெளியே போகவில்லை.

இந்த விபத்தின் விளைவாகத்தான் 1976-ல் அமெரிக்காவில் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற ரகசிய ரிப்போர்ட் திட்டம் தொடங்கியது. தண்டிக்கும் அதிகாரம் கையில் உள்ள அமைப்பிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்பதால், அதை நடத்தும் பொறுப்பு நாசாவுக்குத் தரப்பட்டது. ஒரு விமான நிறுவனம் தனக்குள் வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பின், அதாவது எஸ்.எம்.எஸ்.-இன், உயிர்நாடியும் இதுவே. களத்தில் ஒருவர் கண்ட சிறு சிக்கல், பணமும் அதிகாரமும் உள்ளவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே எடுத்த முடிவு களத்துக்குத் திரும்பி வர வேண்டும். கொள்கை, மேட்ரிக்ஸ், கமிட்டி, ஆடிட் என்று இதில் வரும் அத்தனையும் இந்த இருவழிப் போக்குவரத்துக்காகத்தான். அது ஓடாத இடத்தில், மேனுவல் எத்தனை பக்கம் இருந்தாலும் எஸ்.எம்.எஸ். இல்லை.

விதி என்ன கேட்கிறது

ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, தன் உடன்படிக்கையின் வெவ்வேறு இணைப்புகளில் சிதறிக் கிடந்த பாதுகாப்பு மேலாண்மை விதிகளைத் திரட்டி 2013-ல் இணைப்பு 19 ஆக வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சர்வதேச வணிகப் போக்குவரத்து நடத்தும் விமான, ஹெலிகாப்டர் நிறுவனங்கள், அவற்றுக்குச் சேவை செய்யும் பராமரிப்பு நிறுவனங்கள், மாணவர்களை வானில் ஏற்றிப் பயிற்சி தரும் பள்ளிகள், விமானத்தையோ எஞ்சினையோ வடிவமைப்பவர்கள், தயாரிப்பவர்கள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவையினர், சான்று பெற்ற விமான நிலையங்கள் என எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். எப்படிச் செய்வது என்று விளக்கும் கையேட்டின் எண் 9859. அதன் நான்காம் பதிப்பு 2018-ல் வந்தது. ஆனால் ஐகாவோ பேசுவது நாடுகளிடம். உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. முதலில் படிக்க வேண்டியதும் அதுதான்.

எந்த நாட்டு விதியானாலும் சட்டகம் பெரும்பாலும் ஒன்றே: நான்கு பகுதிகள், அவற்றுக்குள் பன்னிரண்டு கூறுகள். முதல் பகுதி கொள்கையும் இலக்கும்: நிர்வாகத்தின் உறுதிமொழி, யார் எதற்குப் பொறுப்பு, முக்கியப் பொறுப்பாளர் நியமனம், அவசரகாலத் திட்டம், ஆவணங்கள். இரண்டாவது இடர் மேலாண்மை: அபாயக் காரணிகளைக் கண்டறிவது, இடரை மதிப்பிட்டுக் குறைப்பது. மூன்றாவது பாதுகாப்பு உறுதிப்பாடு: செயல்பாட்டை அளப்பது, மாற்றங்களைக் கையாள்வது, அமைப்பைத் தொடர்ந்து மேம்படுத்துவது. நான்காவது பயிற்சியும் தகவல் பரிமாற்றமும்.

‘ஏற்கெனவே குவாலிட்டி டிபார்ட்மென்ட் இருக்கிறதே, இது எதற்கு?’ என்ற கேள்வி எல்லா நிறுவனத்திலும் எழும். எழ வேண்டிய கேள்விதான். வேலை விதிப்படி நடந்ததா என்று பார்ப்பது குவாலிட்டி. விதிப்படியே நடந்தாலும் என்ன ஆபத்து மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது எஸ்.எம்.எஸ். இரவு ஷிப்டில் ஒரு இன்ஸ்பெக்டர் சட்டம் அனுமதிக்கும் மணிக்கணக்குக்குள்தான் வேலை பார்க்கிறார். ஆடிட்டில் குறை எதுவும் வராது. அதிகாலை நான்கு மணிக்கு அவர் கண் எதைத் தவறவிடும் என்பதை எஸ்.எம்.எஸ். கேட்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது

அமைப்பின் தலைமையில் இருப்பவர் அக்கவுண்டபிள் மேனேஜர். பணத்தையும் ஆட்களையும் ஒதுக்கும் இறுதி அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். செலவுக்கு இன்னொருவரின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால், முதல் பெரிய முடிவிலேயே அமைப்பு முடங்கிவிடும். வேலைகளை அவர் பிரித்துக் கொடுக்கலாம். இறுதிப் பொறுப்பைக் கைமாற்ற முடியாது.

அவரிடம் நேரடியாகப் பேசும் உரிமை உள்ளவர் சேஃப்டி மேனேஜர். ஆபரேஷன்ஸ் தலைவர் வழியாகவோ என்ஜினியரிங் தலைவர் வழியாகவோ அவர் அறிக்கை மேலே போகக் கூடாது. அவர் சுட்டிக்காட்ட வேண்டிய சிக்கல்களில் பாதி அந்தத் துறைகளில்தான் இருக்கும்.

நிறுவனங்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பாதுகாப்பு என்று பெயர் வந்த எல்லாவற்றையும் சேஃப்டி மேனேஜர் தலையில் கட்டிவிடுகிறார்கள். விமானங்கள் நின்று பயணிகளையும் சாமானையும் ஏற்றி இறக்கும் தளமான ஏப்ரனில் உள்ள இடருக்கு உரிமையாளர் ஏப்ரனை நடத்தும் மேனேஜர். ஆட்களும் வண்டிகளும் நேரமும் அவர் கையில்தான் இருக்கின்றன. தகவலைச் சேர்ப்பது, அலசுவது, முறையாக மதிப்பிட உதவுவது, முடிவுகள் நிறைவேறினவா என்று கண்காணிப்பது ஆகியவை சேஃப்டி மேனேஜரின் வேலை. இடர்களை எழுதி வைக்கும் பதிவேட்டில் ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் வரிசையாக அவர் பெயரே இருந்தால் அந்த அமைப்பு கோணலாக நிற்கிறது என்று பொருள்.

இரண்டு குழுக்கள் போதும். துறை மேனேஜர்கள் கூடும் செயற்குழு மாதம் ஒருமுறை கூடி, வந்த ரிப்போர்ட்டுகளையும் நடவடிக்கைகளையும் பார்க்கும். அக்கவுண்டபிள் மேனேஜர் தலைமையிலான மீளாய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, பணம் தேவைப்படும் முடிவுகளையும் தேங்கிக் கிடக்கும் இடர்களையும் எடுக்கும். எந்த அளவு இடரை எந்தப் பதவியில் உள்ளவர் ஏற்றுக் கையெழுத்திடலாம் என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள். எழுதாவிட்டால், பெரிய இடர்களுக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் கையெழுத்திடும் நிலை வந்து சேரும்.

ரிப்போர்ட் வருவதும் நின்றுபோவதும்

ரிப்போர்ட்டுகள் இரு வகை. விபத்து, கடுமையான சம்பவம் போன்றவற்றைச் சட்டப்படி ஆணையத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சம்பவத்தை அறிந்த ஊழியர் 72 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும். உங்கள் நாட்டுக் கெடு வேறாக இருக்கலாம். தாமாக முன்வந்து தருபவை இரண்டாம் வகை. எஸ்.எம்.எஸ்.-க்குத் தீனி போடுவது இவைதான். ஒன்றும் ஆகிவிடாத நிலையில், ஆகியிருக்கக்கூடியதைச் சொல்பவை இவை.

படிவம் ஒரே பக்கம் இருக்கட்டும். என்ன நடந்தது, எங்கே, எப்போது, என்ன செய்தால் திரும்ப நடக்காது என்று நினைக்கிறீர்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். இடர் மதிப்பீட்டை ரிப்போர்ட் எழுதுபவரிடமே கேட்கும் படிவங்களைப் பார்க்கலாம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும், சாமான் ஏற்றும் தொழிலாளி ஒருவர் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் படிவத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பெயர் போடாத ரிப்போர்ட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ரகசியம் காக்கப்படும் ரிப்போர்ட்டே அதிகம் பயன்படும். எழுதியவர் யாரென்று சேஃப்டி மேனேஜருக்கு மட்டும் தெரிந்தால் மேற்கொண்டு விவரம் கேட்கலாம், பதிலும் சொல்லலாம்.

பதில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் வறண்டுபோவதற்குப் பயம் ஒரு காரணம். அதற்கு இணையான காரணம், எழுதியதற்கு எந்தப் பதிலும் வராதது. கிடைத்தது என்ற தகவல் ஓரிரு வேலை நாட்களில் போக வேண்டும். என்ன முடிவு எடுத்தோம் என்பது பிறகு போக வேண்டும். ‘இதை இப்போது செய்ய முடியாது, காரணம் இது’ என்ற பதில்கூட மரியாதையான பதில். மூன்று முறை எழுதி மூன்று முறையும் மௌனத்தைச் சந்தித்தவர் நான்காம் முறை எழுத மாட்டார். பக்கத்தில் நிற்பவரையும் எழுத விட மாட்டார்.

பயத்துக்கு மருந்து, நியாயக் கலாசாரம் என்று அழைக்கப்படும் கொள்கை. நேர்மையான பிழைக்குத் தண்டனை இல்லை. வேண்டுமென்றே செய்த மீறலுக்கும், ஆபத்தைத் தெரிந்தே புறக்கணித்த அலட்சியத்துக்கும் பாதுகாப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க ஒரு நல்ல கேள்வி உண்டு: இதே பயிற்சியும் அனுபவமும் உள்ள வேறொருவர், அதே இரவில், அதே அழுத்தத்தில் இருந்திருந்தால் இதையே செய்திருப்பாரா? ஆம் என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை. சூழலைத்தான் மாற்ற வேண்டும். கோட்டை யார் கிழிப்பது என்பதை முன்கூட்டியே எழுதி, ஊழியர்களுக்குச் சொல்லி வையுங்கள். சம்பவம் நடந்த பிறகு எழுதும் விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்ந்து போய், கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். 27 மணி நேரம் முன்பு அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டபோது, 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட மெல்லியவையாகப் போடப்பட்டிருந்தன. பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை அவை. அந்தப் பழைய போல்ட்டுகளும் சரியானவை அல்ல, நீளம் குறைந்தவை. ஆனாலும் அவை நான்கு ஆண்டுகள் தாங்கியிருந்தன. நான்கு ஆண்டுகள் ஒன்றும் ஆகாத ஒரு விஷயத்தை யார் ரிப்போர்ட் எழுதுவார்கள்? இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்க, இரவு ஷிப்டில், விமானங்களைப் பராமரிக்கும் கூடமான ஹாங்கருக்குப் போய் வேலை நடப்பதை நடக்கிற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸ்டோரில் உதிரி பாகம் தீர்ந்தால் ஆட்கள் என்ன செய்கிறார்கள், பாகத்தின் எண்ணைப் படிக்கப் போதிய வெளிச்சம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். 27,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானங்களை இயக்குபவர்களுக்கு, விமானத்தில் பதிவாகும் தரவை அலசும் பறத்தல் தரவு ஆய்வும் உண்டு. யாரும் சொல்லாவிட்டாலும் தரவு சொல்லும்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்து மதிப்பிட்டுப் பார்ப்போம்

ஏப்ரனில் இருந்து இப்படி ஒரு ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘7-ஆம் ஸ்டாண்டில் விளக்கு மங்கல். நேற்று இரவு மழையில் பெல்ட் லோடர் வழுக்கி, விமானத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.’ (ஸ்டாண்ட் என்பது விமானம் நிற்கும் இடம். பெல்ட் லோடர் என்பது சாமானை விமானத்தில் ஏற்றி இறக்கும் வண்டி.)

பலரும் பதிவேட்டில் ‘அபாயக் காரணி: லோடர் விமானத்தை இடித்தல்’ என்று எழுதுவார்கள். இது பிழை. இடிப்பது விளைவு. மங்கிய விளக்கு, ஈரத்தில் வழுக்கும் தரை, விமானம் நின்ற உடனே சாமான் இறக்கியாக வேண்டிய நேர நெருக்கடி ஆகியவையே அபாயக் காரணிகள். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ‘இடித்தல்’ என்று எழுதினால் தீர்வு ‘இடிக்காமல் ஓட்டவும்’ என்ற சுற்றறிக்கையில் முடிந்துவிடும். ‘மங்கிய விளக்கு’ என்று எழுதினால் விளக்கை மாற்றுவார்கள்.

அடுத்து, விளைவுகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். இங்கே குறைந்தது இரண்டு உண்டு. ஒன்று, இடித்ததும் சேதம் தெரிந்து, விமானம் தரையிலேயே நிறுத்தப்படுவது. இரண்டு, சேதம் தெரியாமல் விமானம் பறந்துவிடுவது. கார்பன் ஃபைபர் போன்ற கூட்டுப்பொருளால் ஆன உடற்பகுதியில், வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். காற்றழுத்தம் ஏறிய நிலையில் அது என்ன செய்யும் என்பதுதான் பயம். ஒரே அபாயக் காரணி, இரண்டு விளைவுகள், இரண்டு இடர் அளவுகள். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பெரியதைச் சிறியது மறைத்துவிடும்.

இப்போது மேட்ரிக்ஸ், அதாவது வாய்ப்பையும் தீவிரத்தையும் சேர்த்து இடரை அளக்கும் கட்ட அட்டவணை. ஐகாவோ கையேட்டில் வாய்ப்பு 5 முதல் 1 வரை: 5 என்றால் அடிக்கடி, 1 என்றால் நடப்பதை நினைத்தே பார்க்க முடியாது. தீவிரம் ஏ (A) முதல் இ (E) வரை: ஏ பேரழிவு, இ பொருட்படுத்தத் தேவையில்லாதது. 5-ஏ, 5-பி, 5-சி, 4-ஏ, 4-பி, 3-ஏ ஆகிய ஆறும் சிவப்பு. அப்படியே தொடரக் கூடாது. 3-இ, 2-டி, 2-இ, 1-பி முதல் 1-இ வரை பச்சை. மீதமெல்லாம் மஞ்சள்: குறைக்க முடிந்தவரை குறைத்து, ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டுத் தொடரலாம். ‘அடிக்கடி’ என்றால் உங்கள் நிறுவனத்தில் எத்தனை என்பதை நீங்களே எண்ணால் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறையா, ஆயிரம் பறத்தலுக்கு ஒன்றா? இது இல்லாவிட்டால் ஒரே சம்பவத்துக்கு மூன்று மேனேஜர்கள் மூன்று எண் தருவார்கள்.

மதிப்பிடுவதற்கு முன் இப்போதுள்ள தடுப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டும்: வழிகாட்டும் ஆள், அணுகும் முன் பிரேக் சோதனை, விமானி சுற்றிவந்து பார்ப்பது. ஆனால் மேனுவலில் உள்ளதை அப்படியே எழுதிவிடாதீர்கள். இரவு ஷிப்டில் இரண்டு லோடர்களுக்கு இரண்டே ஆட்கள் என்றால், இருவரும் வண்டி ஓட்டுவார்கள். வழிகாட்டி என்ற தடுப்பு காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் முதல் விளைவு 4-சி. இரண்டாவது, விமானத்தைத் தொட்டுவிட்டேன் என்று சொன்னால் வேலை போகும் என்ற பயமும் சேர்ந்தால், 3-ஏ. சிவப்பு.

நடவடிக்கைகளில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே அகற்றுவது முதலில், பொறியியல் தடுப்பு அடுத்து, நடைமுறை மாற்றம் அதற்கடுத்து, பயிற்சியும் எச்சரிக்கைப் பலகையும் கடைசியில். இங்கே அன்றிரவே செய்ய வேண்டியது, விளக்கு சரியாகும் வரை 7-ஆம் ஸ்டாண்டை இரவில் மூடுவது. பிறகு விளக்கை மாற்றுவது. அடுத்த கட்டமாக, நெருங்கினால் தானே நிற்கும் சென்சார் பொருத்திய லோடர். இரவு ஷிப்டுக்கு மூன்றாவது ஆள். விமானம் கிளம்பும் முன் ‘தொட்டுவிட்டேன்’ என்று சொல்பவர் மீது நடவடிக்கை இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதி. ஆளும் சென்சாரும் பணம் கேட்பவை. அவை அக்கவுண்டபிள் மேனேஜர் வரை போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. ‘துறை’ என்று எழுதாதீர்கள், ‘விரைவில்’ என்றும் எழுதாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு இரண்டாவது விளைவு 2-ஏ-வுக்கோ, மிகச் சிறப்பாகச் செய்தால் 1-ஏ-வுக்கோ இறங்கலாம். இரண்டுமே மஞ்சள்தான். நடவடிக்கைகள் பெரும்பாலும் வாய்ப்பைக் குறைக்கும். தீவிரம் அப்படியே இருக்கும், விமானம் உடைந்தால் உடைந்ததுதான். அதனால் ஏ தீவிரம் உள்ள ஒரு வரி பதிவேட்டில் திடீரென்று பச்சையாகிவிட்டால், யாரோ தீவிரத்தின் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி இருபது இரவு நேர விமானங்களைப் போய்ப் பாருங்கள். எத்தனையில் வழிகாட்டி நின்றார் என்று எண்ணுங்கள். அதுவரை அந்த வரியை மூட வேண்டாம்.

அளப்பது

எண்ணிக்கையை அளக்காமல் விகிதத்தை அளக்க வேண்டும். பறத்தல்கள் கூடும் மாதத்தில் சம்பவமும் கூடுவது இயல்பு. நிலையற்ற அப்ரோச்சுகளை எடுத்துக்கொள்வோம், அதாவது மேகமூட்டத்தில் 1,000 அடிக்குள்ளும் தெளிவான வானிலையில் 500 அடிக்குள்ளும் வேகமும் பாதையும் சீராகாத இறக்கங்கள். பன்னிரண்டு மாதத்துச் சராசரி ஆயிரத்துக்கு 12, திட்ட விலக்கம் (மாத எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு) 3 என்று வைத்துக்கொண்டால், எச்சரிக்கைக் கோடுகள் 15, 18, 21-இல் விழும். ஐகாவோ கையேட்டின் 2013 பதிப்பில் வரும் முறைப்படி, ஒரு மாதம் 21-ஐத் தாண்டினாலோ, தொடர்ந்து இரண்டு மாதம் 18-ஐத் தாண்டினாலோ, தொடர்ந்து மூன்று மாதம் 15-ஐத் தாண்டினாலோ விசாரிக்க வேண்டும். 16, 17, 16 என்று வந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. கோடு அதைப் பிடித்துவிடும்.

மாதம் நாற்பது பறத்தல் உள்ள சிறு நிறுவனத்தில் இந்தக் கணக்கு வேலை செய்யாது. ஒரே ஒரு சம்பவம் விகிதத்தை வானத்துக்குத் தூக்கிவிடும். அங்கே முன்கூட்டிய குறியீடுகளை அளப்பதே பயன் தரும்: குறித்த தேதிக்குள் முடிந்த நடவடிக்கைகள் எத்தனை சதவீதம், ரிப்போர்ட்டுக்குப் பதில் போக எத்தனை நாள், தவறிய பயிற்சிகள் எத்தனை.

‘ரிப்போர்ட்டுகளை 10 சதவீதம் குறைப்போம்’ என்று தயவுசெய்து இலக்கு வைக்காதீர்கள். அந்த இலக்கை ஊழியர்கள் வாயை மூடிக்கொண்டே எட்டிவிடுவார்கள். அமைப்பு தொடங்கிய புதிதில் ரிப்போர்ட் கூடினால் நிறுவனம் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. முன்பு தெரியாமல் இருந்தது இப்போது தெரிகிறது.

மாற்றம் வரும்போது

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகரத்துக்கு மேலே ஒரு டியூ-154 பயணிகள் விமானமும் ஒரு போயிங் 757 சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். மோதலுக்கு முன் டியூ-154 விமானிகள், விமானத்தில் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி ‘ஏறு’ என்றும் கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்றும் சொன்ன நிலையில், கட்டுப்பாட்டாளர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். பேசப்படுவது பெரும்பாலும் இதுதான். ஆனால் எஸ்.எம்.எஸ். படிப்பவர் பார்க்க வேண்டியது, அன்றிரவு சூரிக் கட்டுப்பாட்டு மையத்தில் நடந்துகொண்டிருந்த பராமரிப்பு வேலையை.

ரேடார் மாற்று முறையில் ஓடியது. மோதலை முன்கூட்டியே திரையில் காட்டும் எச்சரிக்கை அந்த முறையில் கிடைக்காது. அது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. முக்கியத் தொலைபேசி இணைப்பும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று இணைப்பு பழுதாக இருந்தது. இரவில் ஒருவர் மட்டும் பணியில் இருக்க, மற்றவர் ஓய்வுக்குப் போவது நீண்ட நாள் வழக்கம். தனியாக இருந்த அவர், அதே நேரத்தில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இறங்க வந்த வேறொரு விமானத்துக்காக இன்னொரு திரையில் இருந்தபடி, கிடைக்காத தொலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆபத்தைத் தங்கள் திரையில் பார்த்த கார்ல்ஸ்ரூஹே மையத்தினர் சூரிக்கை அழைத்துப் பார்த்தார்கள். அழைப்பு போகவே இல்லை.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகப் பார்த்தால் சமாளிக்கக்கூடியது. ஒரே இரவில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பதே மாற்ற மேலாண்மை. புதிய விமான வகை, புதிய வழித்தடம், மென்பொருள் மாற்றம், ஷிப்ட் நேரம் மாறுவது, அனுபவசாலிகள் ஒரே நேரத்தில் விலகுவது என்று எதுவானாலும் தொடங்கும் முன் கேளுங்கள்: இந்த வேலையால் எந்தத் தடுப்பு தற்காலிகமாகக் காணாமல் போகிறது, அதே நேரத்தில் வேறு எது நடக்கிறது, பாதிக்கப்படும் ஷிப்டில் இருப்பவருக்கு யார் சொல்லப்போகிறார்கள், எந்த நிலை வந்தால் வேலையை நிறுத்திப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பராமரிப்பு வேலை, ‘தற்காலிக’ ஏற்பாடு என்று பெயர் வைத்தவைதான் இந்தக் கேள்விகளிடம் இருந்து அதிகம் தப்பிக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது

முதல் வேலை இடைவெளி ஆய்வு. பன்னிரண்டு கூறுகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது என்ன இருக்கிறது, என்ன இல்லை, யார் செய்வார், எப்போது என்று நிரப்புங்கள். எதுவுமே இல்லாத நிறுவனம் அரிது. பராமரிப்புக் குறிப்பேடுகள், ஆடிட் முறை, அவசரகாலத் தொலைபேசிப் பட்டியல் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். 2013 கையேடு முழு அமலாக்கத்தை 12, 12, 18, 18 மாதங்கள் என நான்கு கட்டமாகப் பிரித்திருந்தது. ஐந்து ஆண்டு. அவ்வளவு காலம் எடுக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் முடித்துவிட்டோம் என்பவர்கள் பெரும்பாலும் ஆவணத்தை மட்டுமே முடித்திருப்பார்கள்.

வெளியில் மேனுவல் வாங்கிப் பெயரை மாற்றி ஒட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உங்களிடம் இல்லாத பதவிகளும் கூடாத கமிட்டிகளும் அதில் இருக்கும். ஆணையத்தின் ஆடிட்டர் வந்ததும் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். விலை உயர்ந்த மென்பொருளை முதலிலேயே வாங்குவதும் வேண்டாம். முதல் ஆண்டில் பதிவேட்டுக்கு ஒரு எக்செல் தாள் போதும். எந்தெந்தக் கட்டங்கள் உங்களுக்கு உண்மையில் தேவை என்பது அதில் வேலை செய்தால்தான் தெரியும்.

பயிற்சி வேலைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். சாமான் ஏற்றும் தொழிலாளிக்கு எப்படி ரிப்போர்ட் செய்வது, எழுதினால் என்ன ஆகும் என்பது தெரிந்தால் போதும். மேட்ரிக்ஸ் மேனேஜர்களுக்கு. அக்கவுண்டபிள் மேனேஜருக்குத் தன் சட்டப் பொறுப்பு என்ன என்பது. அவசரகாலத் திட்டத்தை விமான நிலையத்தின் திட்டத்தோடு பொருத்துங்கள். விமான நிலையங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு அளவிலான ஒத்திகை நடத்த வேண்டும், அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். அந்தத் திட்டத்தில் முதலில் கெட்டுப்போவது தொலைபேசி எண்கள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரவில், ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பாருங்கள்.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இதே பன்னிரண்டு கூறுகள்தான், அளவு மட்டும் சிறியது. ஒரு தாள் கொள்கை, ஒரு பதிவேடு, மாதம் ஒருமுறை எல்லோரும் உட்காரும் முக்கால் மணி நேரக் கூட்டம். சேஃப்டி மேனேஜரும் குவாலிட்டி மேனேஜரும் ஒருவராகவே இருக்கலாம். அப்போது எஸ்.எம்.எஸ்.-ஐ ஆடிட் செய்ய வெளியாள் வேண்டும். தன் வேலையைத் தானே ஆடிட் செய்ய முடியாது. தரைச் சேவை, எரிபொருள், பராமரிப்பு என்று வெளியே கொடுத்த வேலைகள் இருந்தால், சம்பவம் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். வேறு நிறுவனத்தின் ஊழியர் கண்ட சிக்கல் உங்களுக்கு வராமல் போவது இந்த இணைப்பு இடங்களில்தான்.

ஐரோப்பாவில் எஸ்.எம்.எஸ்.-ஐ நான்கு படியாக மதிப்பிடுகிறார்கள்: ஆவணத்தில் இருக்கிறதா, நிறுவனத்தின் அளவுக்குப் பொருத்தமாக இருக்கிறதா, நடைமுறையில் ஓடுகிறதா, பலன் தருகிறதா. முதல் இரண்டையும் மேசையில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். மூன்றாவதையும் நான்காவதையும் பார்க்க, அனுபவமுள்ள ஆடிட்டர் பதிவேட்டில் இருந்து ஒரே ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவார். யார் எழுதினார், எப்போது பதில் போனது, மதிப்பீடு எந்த ஆதாரத்தில் நின்றது, பணம் எப்போது ஒதுக்கப்பட்டது, இன்று ஏப்ரனில் அது இருக்கிறதா. இதைச் செய்ய ஆடிட்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாதம் ஒன்று, ‘முடிந்தது’ என்று குறித்த பதிவாகப் பார்த்து எடுங்கள். எழுதியவரையே கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். வேலை இன்னும் முடியவில்லை என்று அவர் சொன்னால் பதிவைத் திரும்பத் திறந்து, அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள்.